"இது என் காலே இல்லடா": வயது ஏற ஏற உடம்பு நம்முடையது என்ற உணர்வு மாறுமா?

ஜனவரி 6, கேள்வி

டீச்சர், எங்கள் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, 79 வயது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் (தொழிலாளர் வரிசை வீடு) இன்னும் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவர். கொஞ்ச நாளாகக் காலையில் எழும்பி உட்கார்ந்ததும், "இது என் காலே இல்லடா, யாரோ கொண்டாந்து மாட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்கிறார். புத்தி தெளிவுதான், சீட்டுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் சொல்வார். வீட்டில் எல்லோரும் வயது போய்விட்டது, அதுதான் என்கிறார்கள். வயது போகப் போக இந்த உடம்பு என்னுடையது என்ற உணர்வே தேய்ந்துவிடுமா?

ஜனவரி 6, இரவு

தம்பி, நான் டாக்டர் இல்லை, 29 வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஆனால் என் அம்மாவுக்கு 77 வயது, அவரும் இதே மாதிரி ஏதேதோ சொல்ல ஆரம்பித்ததிலிருந்து இதைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் கை என்னுடையது என்பது பிறவியிலேயே பூட்டி வைத்த விஷயம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. மூளை அதை ஒவ்வொரு கணமும் கணக்குப் போட்டுத்தான் முடிவுசெய்கிறது. 1998-ல் பொட்வினிக், கோஹன் என்ற இரண்டு பேர் செய்து காட்டிய சோதனை இருக்கிறது. உங்கள் கையை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கண் முன்னால் ஒரு ரப்பர் கையை வைப்பார்கள். மறைந்திருக்கும் கையையும் ரப்பர் கையையும் இரண்டு பிரஷ்ஷால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தடவுவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ரப்பர் கைதான் என் கை என்று தோன்ற ஆரம்பிக்கும். இது பொம்மை என்று தெரிந்திருந்தாலும் தோன்றும், அதுதான் இதில் பெரிய விஷயம். அப்போது கண்ணை மூடச் சொல்லி, உன் கை எங்கே இருக்கிறது காட்டு என்றால், உண்மையான இடத்தைவிட ரப்பர் கைப் பக்கமாகத் தள்ளிக் காட்டுவார்கள்.

இதே சோதனையைக் கவி, மேக்கின், பிரெம்னர் மூன்று பேரும் 4 வயதிலிருந்து 9 வயது வரையான பிள்ளைகளிடம் செய்து 2013-ல் எழுதினார்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் தள்ளிக் காட்டினார்கள். கண் பார்க்கிற கைதான் அவர்களுக்குக் கை. அதன்பின் வந்த ஆய்வில் பத்து வயதுவாக்கில் இது பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுவதாகத் தெரிந்தது. ஆக, உடம்பு என்னுடையது என்ற உணர்வு வளர்கிற ஒன்று. வளர்கிறதென்றால் தேயவும் செய்யும் என்றுதான் எனக்குப் படுகிறது. சின்னப் பிள்ளைக்குக் கண்டதெல்லாம் தன் கை, கிழவிக்குத் தன் காலே தன்னுடையதில்லை.

ஜனவரி 7, விடிகாலை

தூக்கம் வரவில்லை. முதலில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

அப்பாயி இதைச் சொல்வது ஒரு பக்கத்துக் காலைப் பற்றி மட்டுமா? திடீரென்று ஒரு நாள் ஆரம்பித்ததா? அந்தப் பக்கத்துக் கையும் சோர்ந்திருக்கிறதா, வாய் கோணுகிறதா, பேச்சுக் குழறுகிறதா? அப்படியென்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், 1990 என்ற நம்பருக்கு எடுத்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள், காசு இல்லை. மூளையின் வலது பக்கத்தில் பாரிசவாதம் (பக்கவாதம்) அடித்தால் சிலர் தங்கள் இடது கையை, இது என் கை இல்லை, மகனுடைய கை, டாக்டருடைய கை என்று சாதிப்பார்கள். கண்ணால் பார்த்தும் சாதிப்பார்கள், தோளிலிருந்து தொட்டுக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வயதும் இல்லை, பிடிவாதமும் இல்லை. மூளையில் அந்தக் கணக்கைப் போடுகிற இடமே அடிபட்டது.

இதை நேற்றே முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 8

தம்பி பதில் போட்டிருக்கிறார். இரண்டு காலும்தான். இரண்டு மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. சீனி வருத்தம் (நீரிழிவு) 15 வருஷமாக இருக்கிறது, அதற்கு மெட்போமின் மாத்திரை குடிக்கிறார். செருப்புக் கழன்று போனதே தெரியாமல் நடந்து வருகிறாராம்.

மனது கொஞ்சம் ஆறியது. ஆனால் இதையும் விட்டுவிடக் கூடாது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவைதான், சீனி முதலில் கெடுப்பதும் அவற்றின் நுனியைத்தான். அதனால் கால்விரலில் ஆரம்பித்து மேலே ஏறும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இன்னொன்று, மெட்போமினை வருஷக்கணக்காகக் குடிப்பவர்களுக்கு பி12 விட்டமின் குறையலாம். பி12 குறைந்தாலும் கால் எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போகாது. கிளினிக்கில் இதைக் கேட்டு இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் என் அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, தலையை நிமிர்த்தாமலே "வயசாயிருச்சும்மா, அப்படித்தான்" என்று துண்டை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை எனக்கு.

ஜனவரி 11

சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டோம். கடையில் வாங்கிய ரப்பர் கையுறை, உள்ளே ஆற்று மணல், மணிக்கட்டில் நூல் கட்டு. மறைக்க ஒரு பிஸ்கட் பெட்டி. ஒரே அளவில் இரண்டு பெயின்ட் பிரஷ். தோளிலிருந்து கையுறை வரை ஒரு துவாயைப் போட்டு மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் நம்பாது. கையுறை கை வைக்கிற வாக்கில் இருக்க வேண்டும், திருப்பி வைத்தால் வேலை செய்யாது. கொட்டகலையிலிருந்து மகள் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள், அதனால் ஆள் பஞ்சமில்லை.

பேத்திக்கு ஆறு வயது. ஒரு நிமிஷத்தில் "அம்மம்மா, இதுக்குக் கூசுது" என்று ரப்பர் கையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணை மூடிக் காட்டச் சொன்னால் ஏழு சென்டிமீட்டர் தள்ளிக் காட்டினாள். பேரனுக்குப் பன்னிரண்டு, அவன் மூன்று. நானும் மூன்று. அம்மா அசையவே இல்லை. "மணல் மூட்டைய வச்சிக்கிட்டு என்னடி பண்றீங்க" என்றார். நான் நினைத்தபடியே வந்துவிட்டது, பிள்ளைக்கு அதிகம், கிழவிக்கு இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

ஜனவரி 12

சந்தோஷப்பட்டது தப்பு. இரண்டு காரணம்.

ஒன்று, நேற்று நாங்கள் செய்தது காலை ஏழு மணிக்கு. இந்த மாதத்து டிக்கோயாக் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் விறைத்த விரலுக்கு பிரஷ் பட்டதே தெரியாது. அம்மாவுக்குத் தடவலே தெரியாவிட்டால் கண் பார்ப்பதோடு சேர்க்க அங்கே என்ன இருக்கிறது?

இரண்டு, இரண்டு பிரஷ்ஷும் ஒரே நேரத்தில் படாமல், வேண்டுமென்றே முன்னே பின்னே தடவியும் செய்து பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் இது சோதனையே இல்லை. பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் இதையே சொல்லிக்கொடுத்தேன்.

மத்தியானம் வெயில் வந்ததும் மறுபடி செய்தோம். அம்மா கையைக் கொஞ்ச நேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துவிட்டு. இந்த முறை நாலு சென்டிமீட்டர், என்னைவிட அதிகம்! "ரப்பருன்னு தெரியுது, ஆனா தடவுறது அங்கதான் தெரியுது" என்றார், கையுறையைப் பார்த்தபடி.

முன்னே பின்னே தடவியபோது அம்மாவுக்கும் எனக்கும் பேரனுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேத்தி மட்டும் அப்போதும் ஐந்து சென்டிமீட்டர். இது 2013 ஆய்வோடு ஒத்துப்போகிறது. நாலு வயதுப் பிள்ளைக்கே தடவல் சேர்கிறதா சேரவில்லையா என்ற கணக்கு வந்துவிடுகிறது, ஆனால் கண் முன்னால் ஒரு கை கிடந்தாலே போதும், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்தப் பக்கம் இழுத்துவிடும். ஒன்று சீக்கிரம் பழுக்கிறது, மற்றது தாமதமாக.

வயது போனவர்களிடம் செய்த ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலதில் வாலிபர்களுக்கும் முதியவர்களுக்கும் வித்தியாசமே இல்லை, சிலதில் இருக்கிறது. வயதோடு சீராகத் தேய்கிறது என்று நான் முதல் நாள் எழுதியதை இனி அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

ஜனவரி 15

பொங்கலுக்கு நாத்தனார் மகள் கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். ஒன்றேகால் வயது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று பிள்ளைக்கு எப்போது விளங்கும் என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு, 1972-ல் அம்ஸ்டர்டாம் என்ற அம்மையார் எழுதியது. பிள்ளைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்பைத் தடவிவிட்டுக் கண்ணாடி முன் விடுவது. கையைக் கண்ணாடிக்குக் கொண்டுபோகிறதா, தன் மூக்குக்கா? பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் தன் மூக்கைத் தொடும்.

ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இது செல்லுமா? பிறந்த முப்பதாம் நாளிலிருந்து கன்னத்தில் கண்ணூறுப் பொட்டு, நெற்றியில் ஒரு பொட்டு. முகத்தில் கறை இருப்பது நம் பிள்ளைக்கு அதிசயமே இல்லை. இந்தக் குட்டி கண்ணாடியைப் பார்த்தது, சிரித்தது, வைத்த பொட்டைத் தொடவே இல்லை. தெரியாமல் தொடவில்லையா, இருக்க வேண்டியதுதானே என்று விட்டுவிட்டதா?

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. பிறந்து சில நாளே ஆன பிள்ளைகளின் கன்னத்தை மெல்லத் தடவிக்கொண்டே, எதிரே திரையில் இன்னொரு பிள்ளையின் கன்னத்தைத் தடவுவதைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து நடக்கும் படத்தைத்தான் பிள்ளைகள் கூடுதல் நேரம் பார்த்தன. இதுவும் 2013-ல்தான் வந்தது. கண்ணாடியில் தன்னைத் தெரிவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே, எனக்கு நடப்பதும் அங்கே நடப்பதும் ஒன்று என்ற பொறி இருக்கிறது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 17

தம்பி, உங்கள் அப்பாயி வாசலில் நுழையும்போது எப்படி நுழைகிறார் என்று பாருங்கள்.

என் அம்மா கொழுந்து எடுப்பதை விட்டு 19 வருஷம். இன்னும் காம்பரா (அறை) வாசலில் நுழையும்போது தலையை முன்னே கொடுத்து, உடம்பை லேசாகத் திருப்பித்தான் நுழைகிறார். முதுகில் இல்லாத கூடை நிலையில் இடிக்காமல் இருக்க. நெற்றியில் கயிறு பட்ட இடம் இன்னும் மழமழவென்று இருக்கிறது. நேற்றுக் கேட்டேன், ஏன் திரும்புகிறீர்கள் என்று. "திரும்பலையே" என்றார்.

இரிக்கி என்ற ஜப்பான்காரரும் கூட இருந்தவர்களும் 1996-ல் குரங்குகளிடம் கண்டது இதுதான். குச்சியால் தீனியை இழுத்து எடுக்கப் பழக்கினார்கள். பழகிய பிறகு, கைக்குப் பக்கத்தில் எது வந்தாலும் விழிக்கிற மூளை நரம்புகள், குச்சியின் நுனிக்குப் பக்கத்தில் வந்தாலும் விழிக்க ஆரம்பித்தன. குச்சி கையோடு சேர்ந்துவிட்டது. கூடை என் அம்மா முதுகோடு சேர்ந்துவிட்டது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி அப்பாவின் கையோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்பதைப் பார்த்தவள் நான், செடியைப் பார்க்காமலே வெட்டு விழும் இடம் தெரியும் அவருக்கு.

முப்பது வருஷம் ஒரு பொருளை உடம்பில் சேர்த்து வைத்திருந்தவரிடம் போய், உடம்பு உணர்வு தேய்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 19

இன்று பீலியில், தண்ணீர் விழுகிற குளிக்கும் இடத்தில், அம்மா விழப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றதால் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது, விரிவாக எழுதுகிறேன்.

முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினார். மூடிய அடுத்த நொடி உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வழுக்கவில்லை, கல் காய்ந்துதான் கிடந்தது. கண்ணை மூடியதால் சாய்ந்தார்.

நாம் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து சேதி வருகிறது. கண். காதுக்குள்ளே இருக்கிற சமநிலைக் கருவி. அப்புறம் மூட்டும் தசையும் பாதத் தோலும் அனுப்புவது: முழங்கால் இவ்வளவு மடங்கியிருக்கிறது, பாரம் இடது குதியில் இருக்கிறது என்று. வயது போகப் போக இந்த மூன்றாவது மங்குகிறது, சீனி இருந்தால் இன்னும் மங்குகிறது. அப்போது மூளை கண்ணை அதிகம் நம்ப ஆரம்பிக்கிறது. கண் இருக்கும் வரை நடக்கலாம், மலைகூட ஏறலாம். கண்ணை மூடினால் கால் எங்கே என்று கேட்க ஆளில்லை. பாதத்தைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி டாக்டர்கள் பார்ப்பது இதற்குத்தான். (நீங்கள் செய்து பார்ப்பதானால் இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.)

இங்கிலாந்துக்காரர் இயன் வாட்டர்மன் என்பவரின் கதை இதில் மறக்க முடியாதது. 1971-ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் மூட்டு உணர்வும் முழுதாகப் போய்விட்டது. தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, அசைக்கலாம். ஆனால் கை எங்கே கால் எங்கே என்று பார்க்காமல் தெரியாது. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து, திரும்ப நடக்கப் பழகினார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார்.

2022 மார்ச் மாதத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் அம்மா இஸ்தோப்புப் (திண்ணை) படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இருட்டில் படி தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். படி அவருக்கு மனப்பாடம், நாற்பது வருஷம் ஏறிய படி. இருட்டில் தெரியாமல் போனது அவருடைய கால்.

ஜனவரி 20

சின்னதாக ஒன்று. ஒருவர் கேட்டிருக்கிறார், சீனியால் கால் எடுத்த மாமாவுக்கு இல்லாத பெருவிரல் அரிக்கிறதாம், இது எப்படி என்று. அதுவும் உண்மைதான், மனப்பிராந்தி என்று சொல்லாதீர்கள். வியர் மிட்செல் என்ற அமெரிக்க டாக்டர் 1871-லேயே போரில் கால் இழந்தவர்களைப் பார்த்து இதை எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியால் இந்த வலியைக் குறைத்துக் காட்டினார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொல்வது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குப் பலிக்கிறது. ரொம்பச் சின்ன வயதில் உறுப்பை இழந்தவர்களுக்கு இந்த இல்லாத உறுப்பின் உணர்வு குறைவாகவே வரும். வயதுக்கும் இதற்கும் தொடர்பு அங்கேயும் இருக்கிறது.

ஜனவரி 24

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "கிழவிக்குத் தன் காலே தன்னுடையதில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது தவறு, அழிக்காமல் விட்டுவைக்கிறேன், ஏன் தவறு என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

உரிமை உணர்வு ஒரு பானையில் இருக்கிற தண்ணீர் மாதிரிக் கூடிக் குறைவதில்லை. பல சாட்சிகள் சொல்வதைக் கேட்டு மூளை தருகிற தீர்ப்பு அது. சின்ன வயதில் கண் சாட்சி சொன்னால் போதும். நடு வயதில் மூட்டும் தோலும் அழுத்தமாகப் பேசும். வயது போனபின் அந்தச் சாட்சிகளின் குரல் அடங்குகிறது, மூளை மறுபடியும் கண்ணிடம் போகிறது. உங்கள் அப்பாயி காலையில் எழும்பிய உடனே அப்படிச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இரவு முழுதும் கம்பளிக்குள் அசையாமல், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த கால். குளிர் வேறு. அந்தக் காலிடமிருந்து ஒரு சேதியும் வந்திருக்காது. அவர் பொய்யும் சொல்லவில்லை, பிதற்றவும் இல்லை. தன் உடம்பில் நடப்பதை நம்மைவிடத் துல்லியமாகச் சொல்கிறார்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. குளிக்கவைக்கும்போது, உடுப்பு மாற்றும்போது, ஒரு சொல்கூடச் சொல்லாமல் அவர்கள் காலைத் தூக்குகிறோம், கையைத் திருப்புகிறோம், வேறு யாருடைய பொருளையோ எடுத்து வைப்பது மாதிரி. ஏற்கெனவே சேதி குறைந்த உடம்பு. "காலைத் தூக்கப் போறேன், பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் கண்ணும் அங்கே போகும். நான் இரண்டு வாரமாகச் செய்கிறேன், அம்மா முன்போல உடம்பை இறுக்கிக்கொள்வதில்லை.

ஜனவரி 25

அம்மாவுக்குக் கால்விரல் சோதனை செய்தோம். கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல மேலேயோ கீழேயோ அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்பது. (நகத்தின் மேல் பிடித்தால் அழுத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள், பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும்.) பத்துத் தடவையில் நாலுதான் சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து வரும்.

கண்ணைத் திறந்து, தானே விரலை ஆட்டிப் பார்த்தார். ஆட்டினார், நிறுத்தினார், மறுபடி ஆட்டினார். "சொன்னதக் கேக்குதே. என்னுதுதான்" என்றார்.

தானாக அசைப்பதும் ஒரு சாட்சிதான், அதை எழுத மறந்திருந்தேன். அப்பாயி எழும்பியதும் இறங்கி நடக்காமல், கட்டிலில் உட்கார்ந்தபடி, வெளிச்சத்தில், கால்விரலைப் பார்த்துப் பார்த்து ஐந்து நிமிஷம் ஆட்டட்டும். கொஞ்சம் தேய்த்தும் விடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாமல் பொக்களித்துவிடும்.

ஜனவரி 28

தம்பி எழுதியிருக்கிறார்: கிளினிக்கில் இரத்தம் எடுத்துவிட்டார்கள், முடிவு அடுத்த வாரம். கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏற்றுகிற சின்ன விளக்கு வைத்தாகிவிட்டது. அப்பாயி வாசலில் திரும்பித்தான் நுழைகிறாராம், வீட்டில் யாரும் இதுவரை கவனித்ததே இல்லையாம்.

எங்கள் படி விளிம்புக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. பீலிக்குப் பிடி கம்பி போட பாஸ் (மேசன்) சனிக்கிழமை வருகிறார். இடுப்பு உயரத்தில் போடவா, தோள் உயரத்தில் போடவா என்று கேட்டார். அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கை தானாக எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் கரியால் கோடு போட்டுவிட்டோம்.